தானாக நிரம்பும் கட்டம்

தாயின் பெயர்: குழந்தையைப் பெற்றவர் அல்லது வளர்ப்பவர். கோகிலா திரையில் விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். ஒன்பதாவதோடு நின்ற படிப்பு. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும். வெளியே உடுமலை கடைவீதி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கடைக்குள் ஒரு ஆள் கிடையாது, மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது, அந்தக் காற்றுக்கு அலமாரியில் அடுக்கியிருந்த கைக்குழந்தை ஜப்லாக்களின் பிளாஸ்டிக் உறைகள் சரசரவென்று பேசிக்கொண்டன. பெற்றவர் அல்லது வளர்ப்பவர். அல்லது என்று போட்டிருக்கிறார்கள், இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்றுதானே அர்த்தம், அப்படியென்றால் ஒன்று இன்னும் இருக்கிறது, பெற்றவர் என்பதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது, அது நடந்து முடிந்த காரியம். அடுத்ததற்குப் போகவேண்டும் என்று நினைத்தாள். விரல் நகரவில்லை. காலையில் கோயமுத்தூரிலிருந்து வந்த விக்னேஷ் தம்பி, புது சாஃப்ட்வேர் போட வந்தவன், தோளில் பையோடு நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான்: "பழைய ஃபைல அப்படியே தூக்கிப் புதுசுல போட்றாதீங்க மேடம். எந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்னு இந்தப் பக்கத்துல இருக்கு, தமிழ்லயே இருக்கு. ஒண்ணொண்ணா படிச்சுப் பாத்துட்டு ஏத்துங்க. தப்பா ஏறீருச்சுன்னா அப்பறம் பிரிச்செடுக்கறதுக்குள்ள உசுரு போயிரும். சாயங்காலம் வந்து பாக்கறேன்." மேடம் என்று கூப்பிட்டதில் காது வரைக்கும் சூடேறிவிட்டது அவளுக்கு. தலையை மட்டும் ஆட்டினாள். பில் போடும் பர்வீன் அக்கா அவன் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, "ஏ மேடம், டீ குடிக்கறீங்களா மேடம்?" என்று இடுப்பில் கிள்ளினாள்.

குட்டிப்பூ குழந்தைகள் ஆடையகத்தில் இத்தனை வருசமாகத் துணி எடுத்த குழந்தைகள் எல்லாரும் அந்தப் பழைய ஃபைலில் இருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வரி. கல்யாணத்துக்கு முன்னால் கோகிலா இந்தக் கடையில் துணி எடுத்துக் காட்டுகிற பிள்ளையாகத்தான் நின்றாள். ஏழாம் மாச வயிற்றோடு வேலையை விட்டவள், எல்லாம் முடிந்தபிறகு திரும்பி வந்தபோது முதலாளி அவளைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ அந்தப் பக்கம் நிக்க வேண்டாங் கண்ணு. கம்ப்யூட்டர்ல உக்காந்துக்க. பர்வீனு சொல்லிக் குடுப்பா." அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். தொட்டில் சேலையையும் குல்லாயையும் கையில் தொடவேண்டாம், தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்திருப்பார். கம்ப்யூட்டருக்குள்ளும் பிள்ளைகள்தான் வரிசையாக நிற்கும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றியிருக்காது. தோன்றினாலும் வேறு எங்கே உட்காரவைப்பார். கடையே பிள்ளைகளால் ஆனது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் புதுத்துணி வாசம் வந்து முகத்தில் அடிக்கும், கஞ்சியும் பஞ்சும் கலந்த வாசம், அதை ஒருநாளும் அவள் முழுசாக உள்ளே இழுத்ததில்லை. பாதி மூச்சிலேயே நிறுத்திக்கொள்வாள். ஆனால் புதுத்துணி வாசம் அவளுடைய பிள்ளையின் வாசம் இல்லை. பிறந்த பிள்ளைக்குப் புதுசு போடக்கூடாது, கண் பட்டுவிடும் என்று அத்தை, புருசன் தினகரனைப் பெற்றவள், தன் பழைய நூல் சேலையைக் கிழித்துத் துவைத்து வைத்திருந்தாள், அதில்தான் சுற்றினார்கள், அது பாலும் பழஞ்சேலையும் சேர்ந்த வேறொரு வாசம். அது எங்கேயும் விற்கிறதில்லை. நினைத்த மாத்திரத்தில் மார்பில் ஒரு குத்து எழும்பியது. இத்தனை நாளுக்கப்புறமுமா. பால் நிற்காமல் சுரந்து கல்லாகக் கட்டிக்கொண்டபோது மல்லிகைப் பூவை வாழைநாரில் கட்டி மார்பில் வைத்து இறுக்கினார்கள், பூ வைத்தால் பால் வற்றும் என்று. வற்றியது. அதுமுதல் கடைவீதி முனையில் பூக்காரம்மா கூடையைத் திறக்கிற நேரத்தில் கோகிலா எதிர்ச்சாரிக்கு மாறி நடந்துவிடுவாள். எல்லாரும் தலையில் வைத்துக்கொள்கிற பூ. யாரிடம் போய்ச் சொல்ல முடியும் இதை.

அடுத்தது. வயது: நீங்கள் நிரப்ப வேண்டாம். பிறந்த தேதியிலிருந்து தானாக நிரம்பும். ஒவ்வொரு நாளும் தானாகப் புதுப்பிக்கப்படும். மாற்ற முடியாது. அவள் இரண்டாம் தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஒவ்வொரு நாளும். பழைய ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை, அதில் வயது என்ற கட்டமே கிடையாது, அன்றைக்கு எழுதினது அன்றைக்கு எழுதினபடியே கிடக்கும். இதில் அப்படி இல்லையாம். கடை பூட்டிக் கிடந்தாலும், கரண்ட் போனாலும், தீபாவளியோ பந்தோ, ராத்திரி தாண்டினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் கூடிவிடுமாம். எல்லாப் பிள்ளைகளுக்கும். அவளுடைய விரல் அந்த எல்லாவில் தட்டி நின்றது. அதற்குக் கீழே, அளவு: வயதிலிருந்து தானாக வரும். அப்படியென்றால் பதினாலு சைஸ் ஜப்லா பதினாறாகும், பதினெட்டாகும், அப்புறம் பாவாடை சட்டை, அப்புறம் ஒரு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடச் சீருடை என்று காட்டும், நீலப் பினஃபோர், டை, வெள்ளை சாக்ஸ். யாருக்கு. எட்டு மாசப் பிள்ளையாகவே மண்ணுக்குள் இருக்கிற உடம்புக்கு. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றால், தண்ணீர் கேன் துணிப்பொம்மைகள் இருக்கிற அலமாரிக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வேண்டாம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் இருக்கிற ஃபைலில் ஒரு வரி போனால் யாருக்குத் தெரியப்போகிறது. விக்னேஷ் தம்பிக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. எடுத்துவிட்டால் நாள் கூடாது, சைஸ் கூடாது, சீருடை வராது. அவ்வளவுதான் காரியம். அவ்வளவேதானா காரியம்.

"என்னடி உதட்ட மட்டும் ஆட்டீட்டே இருக்கற, மந்திரம் போடறயா?" பர்வீன் அக்கா எவர்சில்வர் டம்ளரில் டீயைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "படிச்சுட்டு இருக்கேங்க்கா." "படி படி. அந்தத் தம்பி என்னமோ பத்துப் பேர ஏத்திப் பாத்துட்டு மத்தவங்கள ஏத்தச் சொன்னானே, பண்ணீட்டயா?" இல்லை என்று தலையாட்டினாள். "பண்ணு. சாயங்காலம் வந்து, என்ன மேடம் ஆகலயான்னு கேட்டான்னா உனக்கு மயக்கம் வந்துரும், நாந்தான் சோடா தெளிக்கோணும்." கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பர்வீன் அக்காவிடம் மட்டும் அது வரும். பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று மேலும் கீழுமாக உருட்டினாள். உருட்டின இடத்தில் நின்ற பத்துப் பேர் என்று அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டாள், ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவளுடைய கைக்குத் தெரியும், கம்ப்யூட்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தது, ஆளில்லாத மதியங்களில் அந்த வரி வரைக்கும் போய், முழுசாகப் பார்க்காமல் திரும்பிவிடும். பாப்பா. பெண். பிறந்தது 23, 10. தாய் கோகிலா. தொடர்பு எண் தினகரனுடையது. ஜப்லா, மஞ்சள். அந்த வரியை எழுதினது பர்வீன் அக்காதான். அன்றைக்குப் பெரியாஸ்பத்திரியிலிருந்து நேராக தினகரன் தன்னுடைய குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, பாதி லோடு வண்டியிலேயே கிடக்க, கடை வாசலை மறித்து நிறுத்திவிட்டு ஓடிவந்தானாம். "பொண்ணுங்க, பொண்ணு பொறந்திருக்குங்க. இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு குடுங்க." பர்வீன் அக்கா கேட்டாளாம், புதுசு இப்பவே போடக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லலயா என்று. "சொல்லுச்சுங்க, அதுக்குத் தெரியாம எடுக்கறேன்." இந்தக் கடையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பேரே கிடையாது, பேர் வைக்கும் முன்னால் துணி எடுக்க வருகிறார்கள், பாப்பா, தம்பி என்றே எழுதி வைத்துவிடுவார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். கேட்டால் ஐப்பசி அஞ்சு என்பார்கள், தாய்மாமன் வந்திருந்தால் அவனுக்கு அதுவும் தெரியாது, அதனால் துணி எடுத்த தேதியையே போட்டுவிடுவது கடை வழக்கம். பாதித் தேதி பொய்த் தேதி. அவளுடைய பிள்ளைக்கு மட்டும் பிறந்த தேதியும் துணி எடுத்த தேதியும் ஒன்று. அப்பன் பொறுக்காமல் ஓடிவந்ததால்.

பத்தையும் ஏற்றினாள். ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. ஐந்து ஏறின. மிச்சம் சிவப்பில் நின்றன. மஞ்சள் ஜப்லா வரியும் சிவப்பு. பிறந்த தேதி: இப்படி ஒரு தேதி இல்லை. டீ டம்ளரைத் தொட்டுக்கொண்டிருந்த கை சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை. இல்லையாமே. இப்படி ஒரு தேதி இல்லையாமே. அன்றைக்கு விடியக் காலையில் பனிக்குடம் உடைந்ததும், ஆட்டோ கிடைக்காமல் அந்தக் குட்டியானை வண்டியிலேயே முன்சீட்டில் அவளை ஏற்றி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் வண்டியைத் தடவித் தடவி ஏற்றி இறக்கியதும், நர்சம்மா இவள் தொடையில் தட்டி, "கத்தறத மிச்சம் வெச்சு முக்கும்மா," என்றதும், முதல் அழுகை பூனைக்குட்டி மாதிரி வந்ததும், எல்லாம் எந்தத் தேதியில் நடந்ததாம். வாழ்நாளில் யாரிடமும் எதிர்த்துப் பேசாதவளுக்கு அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கோபம் வந்தது. இருக்கு, என்றாள், வாய்விட்டு. "என்னடி?" என்றாள் பர்வீன் அக்கா கல்லாப் பக்கமிருந்து. "ஒண்ணுமில்லீங்க்கா." திரும்பவும் விளக்கப் பக்கத்துக்கு வந்து பிறந்த தேதிக்கு நேரே போனாள். முதல் தடவை அவசரத்தில் விட்டது கடைசியில் சின்ன எழுத்தில் கிடந்தது. முதலில் மாதம், பிறகு நாள், பிறகு ஆண்டு. ஓ. அது மாசத்தை முன்னால் எதிர்பார்க்கிறது, இருபத்தி மூணாவது மாசம் எங்கே இருக்கும். சரி, அதனால் இல்லை என்கிறது. கோபம் வடிந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஏறிவிட்ட ஐந்து பேர். அவர்களுக்கு நாள் பன்னிரண்டுக்குள் இருந்ததால் சத்தமில்லாமல் நாளும் மாசமும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. இதைப் பார்க்காமல் எல்லாரையும் ஏற்றியிருந்தால் சித்திரையில் பிறந்த பிள்ளைக்குக் கார்த்திகையில் கடையிலிருந்து பிறந்தநாள் வாழ்த்துப் போகும். சிவப்பு வந்ததால்தான் தெரிந்தது. பாப்பா சிவப்பில் நின்று மறித்ததால்தான். அப்படி நினைக்கக்கூடாது, அது எங்கே மறித்தது, அதற்கு என்ன தெரியும், கை நீட்டினால் மூக்குத்தியைப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஏறிய ஐந்தையும் நீக்கிவிட்டு, நாள் முதலில் என்ற இடத்தைத் தேடித் தட்டினாள். திரும்ப ஏற்றிப் பார்த்ததில் பத்தும் பச்சையானது.

பச்சையானதும் வரிகள் முழுசாகக் கண்முன் விரிந்தன, வயதுக் கட்டம் நிரம்பியிருந்தது. 1 ஆண்டு 11 மாதம். அவள் வேறு பக்கம் பார்த்தாள். பார்த்த பக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று விலை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை, போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு அந்த வயது இருக்கும். அந்த வயதில் என்ன செய்யும். நடக்கும், ஓடும், சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்ளும், அம்மா என்று இல்லை, ம்மா ம்மா என்று. அவளுடைய பிள்ளைக்கு இதயத்தில் சின்ன ஓட்டை, பிறக்கும்போதே இருந்தது, யாராலும் ஒன்றும் ஆனதில்லை என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யாராலும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யாராவது ஒருத்தர்மேல் கோபித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். படம் மாட்டக்கூடாது. வருசா வருசம் கும்பிட ஒரு நாள் கிடையாது. புதைத்த இடத்தைக்கூடப் போய்ப் பார்க்கக்கூடாது, அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள், "அத நெனச்சுட்டே இருந்தீன்னா அடுத்தது தங்காது சாமி." அத என்கிறாள். பேர் சொல்வதில்லை. யாருமே சொல்வதில்லை. மூன்றாம் மாசம் சீர் தட்டோடு ஊரைக் கூட்டி, தாய்மாமன் மடியில் வைத்து, காதில் மூன்று தடவை சொன்ன பேர், அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் தடவை அந்த வீட்டுக்குள் கூப்பிட்ட பேர், ஒரே நாளில் எல்லார் வாயிலிருந்தும் துடைத்த மாதிரி போய்விட்டது. தினகரனும் சொல்வதில்லை. போன ஐப்பசியில் அந்தத் தேதி வந்தது, விடிந்தது, இட்லி ஊற்றினாள், அவன் சாப்பிட்டான், வண்டியை எடுத்துக்கொண்டு போனான், இருட்டியது. அவனுக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவனுக்கும் வாய் வரவில்லையோ என்னமோ.

போன் மேஜைமேல் அதிர்ந்தது. அவன்தான். "என்ன பண்ற?" "கடைலதானுங்க." "பொள்ளாச்சிக்கு ஒரு லோடு வந்திருக்குது. வர நேரமாகும். நீ சாப்ட்டுப் படுத்துக்க." "சரிங்க." "வேற?" வேற என்றால் வைக்கப்போகிறான் என்று அர்த்தம். ஏங்க, கடைல எல்லாப் பிள்ளைங்க பேரையும் புதுசுல ஏத்தறாங்க, நம்ம பாப்பாவும் இருக்குதுங்க, ஏத்தட்டுமா, எடுத்துறட்டுமா. இவ்வளவுதான் கேட்கவேண்டும். அந்தப்பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள். "வேறொண்ணுமில்லீங்க." "ம்." வைத்துவிட்டான். தொடர்பு எண்: வாழ்த்துச் செய்தி இந்த எண்ணுக்குப் போகும். அடுத்த மாதம் இருபத்தி மூணு, லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பான், சட்டைப்பையில் போன் டிங் என்று அடிக்கும், எடுத்துப் பார்ப்பான். ஐயோ. ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு பார்ப்பான். நிலை என்று இன்னொரு கட்டம் இருக்கிறது, அதைப் பார்த்தாள். செயலில்: செய்தி போகும். செயலில் இல்லை: செய்தி போகாது, பதிவு மட்டும் இருக்கும். இதைப் போட்டுவிடலாமே. இருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது, தனக்குள்ளேயே நாள் கூடிக்கொண்டு கிடக்கும். அவளை மாதிரியே. போன தீபாவளிக்கு இந்தக் கடையிலிருந்து எல்லாருக்கும் ஒரு செய்தி போயிற்று, உங்கள் செல்லப் பாப்பாவுக்குப் புத்தாடை என்று. அனுப்பின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவன் குளிக்கப் போன நேரத்தில் பதறிக்கொண்டு அவனுடைய போனை எடுத்தாள், அவன் பார்க்கும் முன்னால் அழித்துவிடலாம் என்று. அழிக்கவேண்டிய இடம் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. அப்படியே வைத்துவிட்டாள். பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் ரீசார்ஜ் பண்ணச் சொல்லி அவனே போனைக் கொடுத்தான். உள்ளே ஒரு செய்தி கிடையாது. பேங்க்காரன், லோன்காரன், ஃபாஸ்டேக், எல்லாம் துடைத்திருந்தது, எப்பவும் துடைத்துவிடுகிற ஆள். அது ஒன்று மட்டும் இருந்தது. மறந்து விட்டிருப்பான். எல்லாவற்றையும் அழிக்கிற ஆள் ஒன்றை மட்டும் எப்படி மறப்பான். விரல் படாமல் விட்டிருக்கும். விரல் படாமலே இத்தனை மாசமா. அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து இந்த ஒரு இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறாள், செக்கு மாட்டுக்காவது கண்ணைக் கட்டியிருக்கும்.

டீ ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. மாற்று எண்: விருப்பம் இருந்தால் நிரப்பலாம். செய்தி இரண்டு எண்ணுக்கும் ஒரே நேரத்தில் போகும். இதை எப்படி முதலில் விட்டாள். ஒரே நேரத்தில். அவனுக்கு எங்கேயோ ரோட்டில், அவளுக்கு இங்கே. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது என்று. பேசாமல்கூட இருக்கலாம். அழலாம். அவன் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம், அது நடக்கலாம். ஆனால் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாகவேண்டும், இரண்டு பேரும் ஊமையாக இருந்தால் அந்த வீட்டில் பிள்ளை பிறந்ததே பொய் என்று ஆகிவிடும், இப்படி ஒரு தேதி இல்லை என்று ஆகிவிடும். மாற்று எண் கட்டத்தில் தன்னுடைய நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். கடைசி எண்ணுக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்தினாள். பிறகு தட்டினாள். செயலில் என்பதை அப்படியே விட்டாள். பெயர்: இந்தக் கட்டத்தில் உள்ளபடியே செய்தியில் வரும். உள்ளபடியே என்றால் பாப்பா என்று வரும், அந்தச் செய்தியை ஊரில் யாருக்கும் அனுப்பலாம். பின்னால் அழிக்கிற பொத்தானை அழுத்தினாள், ப்பா போயிற்று, பா போயிற்று, கட்டம் வெறிச்சென்று ஆனது. எழுத்துக்கூட்டி டைப் அடிக்கிறவள், ஒவ்வொரு எழுத்துக்கும் கீபோர்டில் தேடுகிறவள். இ. எங்கே த. த. ழ எப்பவும் கிடைக்காது, கிடைத்தது. இதழ். அவளே தேர்ந்தெடுத்த பேர், பிறந்த அன்றைக்கு அந்த வாயைப் பார்த்துவிட்டு. இதழி. அடுத்த எழுத்துக்கு முன்னால் கண் மறைத்துக்கொண்டது, முந்தானையால் துடைத்தாள், னி. கீழே பெரிய நீலப் பொத்தான். எல்லா வரிகளையும் ஏற்று. அழுத்தினாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது. இதழினி, என்றாள். குரல் எப்படி வரும் என்று மறந்து போயிருந்தது, கரகரவென்று வந்தது. கல்லாப் பக்கம் சில்லறைச் சத்தம் நின்றது. பர்வீன் அக்கா எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், படித்தாள். கோகிலாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், மேலே ஃபேன் முனகியது, உறைகள் சரசரத்தன. சக்கரம் நின்று எல்லாம் பச்சையானதும், "எல்லாரும் ஏறீட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

"எல்லாரும் ஏறீட்டாங்க அக்கா."